வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா: ஸ்மார்ட் ஹோம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும், சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும், இன்னும் மிச்சமிருக்கும் தோட்டத்து வீடுகளிலும் தெரிந்தவர்களுக்கு இந்தச் சாமான்களைப் பொருத்திக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஒட்டுக்கடையில் ஒருவர் கேட்கும் சந்தேகத்தையே மறுநாள் வாட்ஸ்அப்பில் இன்னொருவர் கேட்கிறார், வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் மூன்றாமவர் கேட்கிறார். ஆகவே அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை பதில் எழுதியிருக்கிறேன். விலை எதுவும் எழுதவில்லை. ஷோப்பி இணையக் கடையில் இன்றைக்கு இருக்கும் விலை நாளைக்கு இருப்பதில்லை.

1. அண்ணே, ஸ்மார்ட் ஹோம்னா கைப்பேசியில லைட்டு போடுறதுதானே? அதுக்கா இவ்ளோ செலவு?

கைப்பேசியில் விளக்குப் போடுவதுதான் இதில் இருப்பதிலேயே உதவாத வேலை. சுவர் சுவிட்ச் இரண்டு எட்டில் இருக்கும்போது, கைப்பேசியைத் தேடி எடுத்து, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தட்டுகிறவர் ஒரே வாரத்தில் சலித்துப் போவார். வீடே நிலைமை தெரிந்து நடந்துகொள்வதில்தான் பலன். விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும் தாத்தாவுக்கு நடைவழி விளக்கு மங்கலாக எரிய வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தால் அது தானாக நிற்க வேண்டும்.

இதற்கு மூன்று வேண்டும்: பார்க்கிற சென்சார், முடிவெடுக்கிற பெட்டி, செய்து முடிக்கிற சுவிட்ச். பின்னிரண்டும் இன்றைக்குச் சுலபம். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதைச் சரியாகக் கண்டுபிடிப்பதுதான் தலைவலி. கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தத் தலைவலியைப் பற்றியவைதான்.

2. அசைவைக் காட்டுற சென்சாரும் ஆள் இருக்கிறதைக் காட்டுற சென்சாரும் ஒண்ணுதானே?

இல்லை. மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் குமிழ் வைத்த சென்சாரை பி.ஐ.ஆர். என்பார்கள். நம் உடம்பு வெளிவிடும் வெப்பக் கதிர் ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சத்தில் இருக்கும். அந்தக் குமிழ் அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு வெப்பம் நகர்ந்தால் "அசைவு" என்று சொல்லும். நகராவிட்டால், எதிரே மனிதர் உட்கார்ந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

அதனால்தான் பாட்டி சாய்வு நாற்காலியில் அசையாமல் நாடகம் பார்க்கும்போது விளக்கு அணைகிறது. அவர் கையை ஆட்டினால் மறுபடி எரிகிறது. சென்சாரில் குறை ஒன்றுமில்லை. ஆள் வந்தாரா என்று சொல்ல மட்டுமே அதற்குத் தெரியும், அவர் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டால் அது திணறும்.

3. ராத்திரியில நல்லா வேலை செய்யுது, பகல் ரெண்டு மணிக்கு ஆளையே கண்டுக்க மாட்டேங்குது. கெட்டுப் போச்சா?

கெடவில்லை. தகரக் கூரை வீட்டில் மதிய வெயில் இறங்கும்போது அறைச் சுவரும் தோலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்கு வந்துவிடும். தோலின் சூடு சுமார் 33, 34 பாகை. சுவரும் 33 பாகையானால் பி.ஐ.ஆர். சென்சாருக்கு வேறுபாடே தெரியாது. குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்த வீடியோவைப் பார்த்து வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பொருத்தும் இடத்தை மாற்றினால் ஓரளவு சரியாகும். ஆள் சென்சாரை நோக்கி நேராக வருவதைவிட அதன் பார்வையைக் குறுக்காகக் கடந்தால் நன்றாகப் பிடிக்கும். எனவே கதவுக்கு எதிரே வைக்காமல் கதவுக்குப் பக்கவாட்டுச் சுவரில், 2 மீட்டர் உயரத்தில் வையுங்கள். வெயில் விழும் சன்னலையும் அடுப்பையும் அது பார்க்கக் கூடாது. சாமி மேடையையும்தான், ஏனென்றால் ஆடும் விளக்குச் சுடரும் அதற்கு அசைவுதான்.

4. அப்போ ரேடார் சென்சார்னு விக்கிறாங்களே, அது எப்படி?

அது வெப்பத்தைப் பார்ப்பதில்லை. தானே ஓர் அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை அளக்கிறது. நம் ஊரில் கைவேலைக்காரர்கள் அதிகம் வாங்குவது ஹை-லிங்க் நிறுவனத்தின் எல்.டி.2410 என்ற சிறு தகடு. 24 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, அலைநீளம் சுமார் 12.5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் திரும்பும் அலையில் அது தெரியும். ஆகவே 2ஆம் கேள்வியில் சொன்ன பாட்டி அசையாமல் இருந்தாலும் விளக்கு அணையாது.

அந்தத் தகடு தன் முன்னால் உள்ள தூரத்தை 0.75 மீட்டர் அகலப் படிகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு படிக்கும் நகரும் ஆள், அசையாத ஆள் என இரண்டு உணர்திறன் எண்களைத் தனித்தனியாக வைக்கலாம். மொத்தம் 5, 6 மீட்டர் வரை பார்க்கும், அசையாத ஆளை அதைவிடக் குறைந்த தூரத்தில்தான் உறுதியாகப் பிடிக்கும். இந்தப் படி எண்களைத் தொடாமல் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுவரில் ஒட்டுகிறவர்கள்தான் 6ஆம் கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்.

5. அந்த அலை உடம்புக்குக் கெடுதல் இல்லையா தம்பி? வீட்டுல மாசமா இருக்கிற பொண்ணு இருக்கா.

இது எக்ஸ்-ரே வகைக் கதிர் அல்ல. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் சக்தி இதற்கில்லை. வைஃபை, கைப்பேசி அலைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிவிடும் ஆற்றலும் மிகச் சிறிது. காதில் ஒட்டிப் பிடித்துப் பேசும் கைப்பேசி விடுவது இதைவிட அதிகம், அதுவும் தலைக்குப் பக்கத்திலேயே.

ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் படுக்கையறையில் வைக்காதீர்கள். ஹாலிலும் நடைவழியிலும் இருந்தால் போதும். ஒரு விளக்கு தானாக எரிவதற்காக மாமியாரோடு வழக்காடுவது வீண்.

6. யாருமே இல்லாத ஹால்ல ஆள் இருக்குன்னு காட்டிக்கிட்டே இருக்கு. பேய் பிடிச்சிருச்சா?

நிமிர்ந்து பாருங்கள், காற்றாடி சுற்றும். நம் வீடுகளில் காற்றாடி நிற்பதே அபூர்வம், அந்த இறக்கைகள் ரேடாருக்கு ஓயாமல் நடமாடும் ஆள். இதில் ஒரு பொறியும் உண்டு. "ஆள் இருந்தால் காற்றாடி ஓடட்டும்" என்று எழுதிவிட்டால், காற்றாடியைப் பார்த்து சென்சார் "ஆள் இருக்கிறார்" என்கிறது, அதை நம்பி காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் ஈப்போவுக்குப் போய் இரவு திரும்பினாலும் அது நின்றிருக்காது.

சோதிக்க ஒரு வழி. எல்லாரும் வெளியே போய், காற்றாடியை நிறுத்தி, இறக்கை முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது "ஆள் இல்லை" என்று வந்தால் குற்றவாளி தெரிந்துவிட்டது. பிறகு மூன்றில் ஒன்றைச் செய்யலாம். சென்சாரைத் தாழ இறக்கி, அதன் பார்வை தரையோடு போகும்படி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். காற்றாடி எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறதோ அந்தப் படியின் உணர்திறனை மட்டும் குறைக்கலாம். அல்லது சென்சாரை, காற்றாடி அதன் முதுகுப் பக்கம் வரும்படி வேறு இடத்தில் வைக்கலாம். எனக்கு அதிகம் பலித்தது முதல் வழி. உணர்திறனைக் குறைத்தால் அதே தூரத்தில் உட்காரும் ஆளும் சேர்ந்தே மறைந்துபோவார்.

காற்றாடி இல்லை என்றால் அடுத்து சன்னல் திரை, கொடியில் காயும் துணி, படத்தில் தொங்கும் மாலை, ஏர்கோன் வாயில் ஆடும் தகடு. அதுவும் இல்லையென்றால் பக்கத்து வீடு. இந்த அலை பலகைச் சுவரையும் மெல்லிய தடுப்பையும் தாண்டிப் போகும், செங்கல் சுவரில் நன்றாகக் குறையும், தகரத்தில் நின்றுவிடும். பழைய லயத்து வீட்டில் நடுச்சுவர் பலகை என்றால் அந்தப் பக்கத்து அண்ணன் படுத்திருப்பதும் உங்கள் ஹாலில் "ஆள்" ஆகிவிடும். சுவர் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து, அதற்கு மேற்பட்ட படிகளை அடைத்துவிடுங்கள். அடுத்த வீட்டு நடமாட்டம் நமக்குத் தேவையும் இல்லை, அதை அறிவது நியாயமும் இல்லை.

7. பல்லி, பூனை, நாய்க்கெல்லாம் லைட்டு எரியுதே?

பல்லி பி.ஐ.ஆர். குமிழின் மேலேயே ஊர்ந்தால் அது பெரிய உருவமாகத் தெரியும். சென்சாரைக் கூரை மூலையில் விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பூச்சிக்காகப் பல்லி அங்கேதான் காத்திருக்கும். எறும்பு உள்ளே கூடு கட்டாமல் இருக்க பின்பக்கத் துளைகளை ஒட்டுத்தாளால் மூடுங்கள்.

நாய்க்கு, குமிழின் கீழ்ப்பாதியை உட்புறமாக மறைத்தால் தரையோடு நடப்பது தெரியாது. பூனைக்கு வழி இல்லை. அது அலமாரி மேல் ஏறும்.

8. சென்சாரே எதுக்கு? என் கைப்பேசி வீட்டு வைஃபையில இருந்தா நான் வீட்டுல இருக்கேன்னுதானே அர்த்தம்?

கைப்பேசி வீட்டில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைச் சார்ஜில் போட்டுவிட்டு ரொட்டி சானாய் வாங்கப் போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். எதிர்ப்பக்கமும் உண்டு. திரை அணைந்ததும் கைப்பேசி மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபையில் தூங்கிவிடும், வீடு நீங்கள் கிளம்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். முடிவெடுக்கிற பெட்டியில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் (11ஆம் கேள்வியில் சொல்கிறேன்) ரூட்டர் வழியாகக் கவனிக்கும்போது, காணாமல் போன கைப்பேசியை இன்னும் 180 விநாடி வீட்டில் இருப்பதாகவே கருதும்படி பொதுவாக அமைந்திருக்கும். அதை 10, 15 நிமிடமாக ஏற்றுங்கள்.

இன்னொன்று. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14 முதலும் கைப்பேசி தன் உண்மையான வைஃபை முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த மறைப்பை நிறுத்திவிட்டு, ரூட்டரில் அந்தக் கைப்பேசிக்கு நிலையான ஐ.பி. எண் ஒதுக்குங்கள். "நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு விடை இதுவே.

9. ஜி.பி.எஸ். போட்டேன். செம்பனைக் காட்டுப் பக்கம் போனா நான் வீட்டை விட்டுப் போனதே வீட்டுக்குத் தெரியல. ஏன்?

நீங்கள் வெளியேறிய செய்தியை உங்கள் கைப்பேசிதான் வீட்டுப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்துக்குள் லைன் இல்லாவிட்டால் செய்தி கைப்பேசியிலேயே கிடக்கும். லைன் இருந்தும் போகவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். முதலாவது, வெளியிலிருந்து உங்கள் பெட்டியை எட்ட வழி இருக்கிறதா? ஹோம் அசிஸ்டன்டின் கட்டணச் சேவை, அல்லது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான பாதை போடும் டெயில்ஸ்கேல், வயர்கார்ட் ஆகியவற்றில் ஒன்று வேண்டும். இரண்டாவது, கைப்பேசியின் பேட்டரி மிச்சப்படுத்தும் வசதி அந்த ஆப்பைக் கொன்றுவிடுகிறதா? அமைப்பில் போய் அந்த ஆப்புக்கு விலக்குக் கொடுங்கள்.

வீட்டைச் சுற்றிய வட்டம் தொடக்கத்தில் 100 மீட்டராக இருக்கும். கோபுரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் கைப்பேசியின் கணிப்பு அதைவிட அதிகமாகவே தவறும், நீங்கள் நாற்காலியில் இருக்கும்போதே வெளியே போய் வந்ததாகக் காட்டும். 250, 300 மீட்டராக்கினால் இந்த ஆட்டம் நிற்கும். வீட்டுக்கு எதிர்க்கடை வரை போவது "வெளியே" ஆகாது, அது நல்லதுதான்.

10. எங்க பாட்டிக்குக் கைப்பேசியே கிடையாதே. அவங்களை எப்படிக் கணக்குல சேர்க்கிறது?

சிலர் புளூடூத் வில்லை ஒன்றை வாங்கிப் பாட்டியிடம் கொடுக்கிறார்கள். அது வெற்றிலைப் பெட்டிக்குள் போய்விடும், பாட்டி வேறு அறையில் இருப்பார். மனிதர் சுமக்க வேண்டிய எதையும் முதியவர் விஷயத்தில் நான் நம்புவதில்லை. வீடே கவனிக்கட்டும்.

வாசல் கதவிலும் பின்கதவிலும் காந்தச் சென்சார் வையுங்கள். கதவு மூடப்பட்ட பிறகு உள்ளே ஓர் அசைவு தெரிந்தால், அடுத்த முறை கதவு திறக்கும்வரை உள்ளே ஆள் இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம், இடையில் எத்தனை மணி நேரம் அசைவே இல்லாவிட்டாலும். எல்லாக் கதவும் மூடியிருக்க ஆள் ஆவியாகப் போக முடியாதல்லவா. இந்தத் தர்க்கம் குளியலறைக்கு இன்னும் அருமையாகப் பொருந்தும், கதவு ஒன்றுதான். ஆனால் பகல் முழுக்க வாசல் கதவைத் திறந்தே வைக்கும் வீடுகளுக்கு இது ஒத்துவராது, நம் பக்கம் அப்படிப் பல வீடுகள். அங்கே 4ஆம் கேள்வியின் ரேடார்தான் கதி.

11. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு ஆப்பு. எல்லாத்தையும் ஒண்ணாக்க முடியாதா?

ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் அதற்குத்தான். பவுலஸ் ஷௌட்சன் என்பவர் 2013இல் தொடங்கியது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடும். மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியிலும் ஓடும், நான் சொல்வது அதைத்தான். அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால் கரண்டு போனாலும் சற்று நேரம் தாங்கும். ராஸ்பெரி பை வைத்தால் நினைவட்டையை நம்பாமல் எஸ்.எஸ்.டி. மாட்டுங்கள், ஓயாமல் எழுதி எழுதி அட்டை செத்துவிடும். வெவ்வேறு நிறுவனச் சாமான்கள் ஒன்றோடொன்று பேச 2022 அக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரமும் கைகொடுக்கும். புதிதாக வாங்கும் சாமானில் அந்தக் குறி இருந்தால் நல்லது.

12. எனக்கு சாலிடர் பிடிக்கத் தெரியும். சென்சாரை நானே செஞ்சுக்கலாமா?

தாராளமாக. வைஃபை உள்ள ஈ.எஸ்.பி.32 என்ற சிறு கணினித் தகடு ஒன்று, எல்.டி.2410 ஒன்று, நான்கு கம்பி. 5 வோல்ட், தரை (கிரவுண்ட்), பிறகு இரண்டு செய்திக் கம்பிகள். அந்த இரண்டும் குறுக்காகப் போக வேண்டும், ஒன்றின் டி.எக்ஸ். (அனுப்பும் முனை) மற்றதன் ஆர்.எக்ஸுக்கு (வாங்கும் முனை). இரண்டு தகடுகளும் செய்தியை 3.3 வோல்டில் பேசுவதால் நடுவில் வேறொன்றும் வேண்டாம். அந்தத் தகட்டை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்கும் ஈ.எஸ்.பி.ஹோம் மென்பொருளில் இந்த ரேடாருக்கு ஆயத்தப் பகுதி இருக்கிறது, நிரல் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. செய்தி போகும் வேகத்தை (பாட் ரேட்) மட்டும் 256000 என்று கொடுங்கள். "செய்தியே வரல" என்பவர்கள் பாதிப்பேர் இங்கே 9600 போட்டிருப்பார்கள்.

பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பிஸ்கட் தகர டின் பார்க்க அழகுதான், ஆனால் 6ஆம் கேள்வியில் சொன்னபடி தகரத்தில் அலை நின்றுவிடும். மின்சாரம் நல்ல கைப்பேசி சார்ஜரிலிருந்து வரட்டும். ஐந்து வோல்ட் வேலையில் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டி விளையாடலாம்.

13. சுவர் சுவிட்சை மாத்தப் போனா, பெட்டியில நியூட்ரல் இல்லைன்னு சொல்றாங்களே?

நம் பழைய வீடுகளில் சுவிட்சுக்கு லைவ் கம்பி மட்டும்தான் இறங்கும், நியூட்ரல் நேரே விளக்குக்குப் போய்விடும். ஸ்மார்ட் சுவிட்ச் தான் உயிரோடு இருக்க எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அதற்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகையும் விற்கிறார்கள். அது விளக்கு வழியாகவே சிறு மின்சாரத்தை இழுப்பதால் சின்ன எல்.இ.டி. பல்பு அணைத்த பிறகும் மினுமினுக்கும். விளக்கோடு ஒரு கப்பாசிட்டர் சேர்த்தால் அடங்கும்.

இது 230 வோல்ட். கைவேலை ஆர்வத்தை வாசலில் விட்டுவிட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் போகும் சாமானில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொரு நிபந்தனை, இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: மற்றதெல்லாம் செத்துப்போனாலும் சுவர் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். விருந்தாளிக்கும் பாட்டிக்கும் வேறு எதையும் கற்றுக்கொடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

14. ஜிக்பீயா, வைஃபையா?

ஜிக்பீ என்பது மின்சாரம் குறைவாகத் தின்னும் கம்பியில்லாத் தொடர்பு. பேட்டரியில் ஓடுவது எல்லாம் ஜிக்பீ. கதவுச் சென்சார் சின்னக் காசு பேட்டரியில் ஒரு வருடத்துக்கு மேல் போகும், வைஃபை அப்படித் தாங்காது. எப்போதும் பிளக்கில் இருப்பது வைஃபையாக இருக்கலாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும் என்பதால், பெட்டியில் செருகும் ஜிக்பீ குச்சியை யு.எஸ்.பி. நீட்டிக் கம்பியில் மாட்டி ரூட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள். தூரம் எட்டவில்லை என்றால் நடுவில் ஒரு ஜிக்பீ பிளக் போட்டால் அது செய்தியை வாங்கிக் கடத்தும்.

15. சாயங்காலம் மழையும் இடியும் வந்தா இன்டர்நெட் போயிரும், சில நாள் கரண்டும் போயிரும். அப்போ வீடு என்ன ஆகும்?

இன்டர்நெட் போனால் வீடு நிற்கிறதா என்பது நீங்கள் வாங்கிய சாமானைப் பொறுத்தது. சில சாமான்களில் நீங்கள் விளக்கைத் தட்டும் கட்டளை வெளிநாட்டுச் சர்வருக்குப் போய்த்தான் உங்கள் ஹாலுக்குத் திரும்பும். ஜிக்பீயும் ஈ.எஸ்.பி.ஹோமும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு மாலை வேண்டுமென்றே இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். எது எது ஊமையாகிறதோ அதுதான் நீங்கள் மாற்ற வேண்டிய பட்டியல்.

கரண்டு போய் விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பும்போது ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் பளிச்சென்று எரிந்து வீட்டையே எழுப்பும். "கரண்டு திரும்பினால் என்ன நிலை" என்று ஓர் அமைப்பு பெரும்பாலான பல்புகளில் உண்டு. அதை "முன்பிருந்த நிலை" என்று மாற்றுங்கள். இடிக்கு, மின்னழுத்தம் பாய்வதைத் தடுக்கும் பிளக் வரிசை ஓரளவு காக்கும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் பிளக்கைக் கழற்றுவதே நிச்சயம்.

16. எத்தனை நிமிஷம் போடணும்? அஞ்சு நிமிஷம்னா ஆள் இருக்கும்போதே அணையுது, அரை மணின்னா யாரும் இல்லாம எரியுது.

ஒரே எண்ணைத் தேடுவதால்தான் இந்த அவதி. விளக்கைப் போடுவதையும் அணைப்பதையும் இரண்டு தனி வேலைகளாகப் பாருங்கள். போடுவது சட்டென்று நடக்க வேண்டும், அதற்கு பி.ஐ.ஆர். பொருத்தம். அணைப்பது நிதானமாக நடக்க வேண்டும், அதற்கு ரேடாரின் சாட்சி வேண்டும். "இரண்டில் எது பார்த்தாலும் எரி, இரண்டும் தொடர்ந்து 2 நிமிடம் பேசாமல் இருந்தால் மட்டும் அணை" என்று எழுதினால் ஹால் அடங்கிவிடும். ரேடார் காற்றாடியால் ஏமாறுகிற அறையில் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: போட வேண்டிய முதல் குரல் பி.ஐ.ஆர். கொடுத்தால்தான் செல்லும், ரேடார் தொடர்ந்து பிடித்துக்கொள்ள மட்டுமே உரிமை உள்ளது. அப்போது யாருமில்லாத வீட்டில் விளக்கு தானாகப் பிறக்காது.

அறைக்கு அறை கணக்கு வேறு. நடைவழிக்கு ஒரு நிமிடம் போதும். சமையலறையில் தாராளமாக விடுங்கள், கையில் கொதிக்கும் சட்டியோடு இருட்டில் நிற்க வைக்காதீர்கள். படுக்கையறையில் விளக்கு தானாக எரியவே கூடாது என்பது என் கட்சி. அணைவது மட்டும் தானாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். தவறாக எரிந்த விளக்குக்கு விலை சில காசு. தவறாக அணைந்த விளக்குக்கு விலை, வீட்டார் இந்த ஏற்பாட்டின் மீது வைத்த நம்பிக்கை. சந்தேகம் வந்தால் எரியவிடுங்கள்.

17. வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்குறாரு. வீடு அவர் இல்லைன்னு நினைச்சு ஏர்கோனை நிறுத்திருது.

கைப்பேசி தூங்கியிருக்கும், அறையில் பி.ஐ.ஆர். மட்டும் இருக்கும். 2ஆம், 8ஆம் கேள்விகளின் கோளாறு இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து வந்திருக்கிறது. கட்டிலைப் பார்த்தபடி ஒரு ரேடார் வைப்பது ஒரு வழி. அதைவிட எளிது, கட்டிலோரம் ஒரு பேட்டரிப் பொத்தான். படுக்கும்போது ஒரு தட்டு: ஏர்கோனைத் தொடாதே, அழைப்பு மணி அடிக்காதே, யார் போனாலும் வந்தாலும் "வீடு காலி" என்று சொல்லாதே. எழுந்ததும் இன்னொரு தட்டு. மனிதரையே கேட்டுவிடக் கூடிய இடத்தில் ஊகிக்கப் போவது ஏன்?

18. இதெல்லாம் போட்டா கரண்டு பில்லு குறையுமா?

விளக்கால் பெரிதாகக் குறையாது. 9 வாட் எல்.இ.டி. பல்பை நாளைக்கு 3 மணி நேரம் மிச்சப்படுத்தினால் மாதம் 0.8 யூனிட். ரேடாரும் ஈ.எஸ்.பி.32உம் சேர்ந்து சுமார் 1 வாட் என்று வைத்தால், 24 மணி நேரமும் ஓடி மாதம் 0.7 யூனிட்டை அவையே தின்றுவிடும். கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி.

ஏர்கோனில்தான் காசு. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் 750 வாட் இழுக்கிறது என்று வைத்து, மறந்து ஓடும் நேரம் நாளைக்கு 2 மணி என்றால் மாதம் 45 யூனிட். ரிமோட் சமிக்ஞையை அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று இருந்தால் பழைய ஏர்கோனையும் இதில் சேர்த்துவிடலாம்.

19. மருமக சொல்றா, "மாமா, நீங்க எங்களை வேவு பாக்குறீங்க"ன்னு. கேமராவே இல்லையே, இதுல என்ன வேவு?

மருமகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படம் இல்லாவிட்டாலும் யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதெல்லாம் பதிவில் இருக்கும். ஹோம் அசிஸ்டன்ட் பொதுவாக 10 நாள் வரலாற்றை வைத்துக்கொள்ளும். அதை ஒரு நாளாகக் குறைக்கலாம், படுக்கையறை, குளியலறைச் சென்சார்களைப் பதிவிலிருந்து முழுதாக விலக்கலாம். விளக்கு எரிய இந்த நொடியின் நிலை போதும், போன செவ்வாய்க்கிழமையின் நிலை வேண்டியதில்லை.

அமைப்பதற்கு முன் வீட்டில் எல்லாரையும் கேளுங்கள். எங்கே எது இருக்கிறது என்று காட்டுங்கள். ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த அறையில் எதுவும் வேண்டாம். வளர்ந்த பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார்கள் என்று பார்க்க இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பொருத்திக் கொடுப்பதில்லை.

20. நான் கே.எல்.ல இருக்கேன், அம்மா இங்க தனியா இருக்காங்க. விழுந்துட்டா எனக்குச் செய்தி வருமா?

விழுந்ததை இது சொல்லும் என்று நம்பி இருக்காதீர்கள். தரையில் கிடக்கும் அம்மாவுக்கும் மூச்சு இருக்கும், ரேடார் "ஆள் இருக்கிறார்" என்றே காட்டும். அது உண்மையும்கூட. ஆள் இருப்பது வேறு, நலமாக இருப்பது வேறு. விழுவதைக் கண்டுபிடிப்பதாக விற்கும் தனிச் சென்சார்கள் உண்டு. அவற்றையும் மருத்துவக் கருவியாக எண்ண வேண்டாம்.

இதனால் நன்றாகச் செய்ய முடிந்தது வேறொன்று: வழக்கமாக நடப்பது நடக்காதபோது சொல்வது. அம்மா தினமும் ஆறரைக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார் என்றால், கேத்தல் பிளக்கில் மின்சாரம் அளக்கும் சாமான் ஒன்று, சமையலறையில் ஒரு பி.ஐ.ஆர்., பின்கதவில் ஒரு காந்தச் சென்சார். எட்டு மணி வரை மூன்றில் ஒன்றும் அசையவில்லை என்றால் உங்களுக்குச் செய்தி வரும். முதலில் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, சம்மதம் வாங்கி, ஒரு சாவியும் கொடுத்திருக்க வேண்டும். கே.எல்.லிலிருந்து நீங்கள் வந்து சேர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. நிலைமை மோசம் என்றால் 999.

கரண்டு போனாலும் இன்டர்நெட் போனாலும் வீட்டிலிருந்து செய்தியே வராது, வராத செய்தியை நலம் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. ஆகவே ரூட்டருக்கும் பெட்டிக்கும் சிறு யு.பி.எஸ். வையுங்கள், தினமும் காலையில் "எல்லாம் சரி" என்றும் ஒரு செய்தி வரும்படி அமையுங்கள். அது வராத நாளில் நீங்களே கூப்பிடுங்கள். வாசலருகே ஒரு பொத்தானும் வேண்டும், அம்மா தைப்பூசத்துக்கு ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கப் போகும்போது அதைத் தட்டிவிட்டுப் போவதற்கு. அவர் தட்ட மறப்பார். வாசல் கதவு திறந்து மூடி, அரை மணி நேரம் எந்த அறையிலும் ஆள் இல்லை என்றால் அந்தப் பொத்தான் தானே தட்டப்பட்டதாகவும், உங்களுக்கு "அம்மா வெளியே போயிருக்கிறார்" என்று செய்தி வரும்படியும் எழுதிவிடுங்கள்.